குலுங்கும் ஜாதிக்காய்

மெர்லின் இறந்துபோன மறுவருடம், அவள் நட்டு வளர்த்த ஜாதிக்காய் மரமும் புயலில் சாய்ந்தது. வெளியூர் வேலையிலிருந்த அவள் அப்பா ஞானசெல்வம், "விதைய எல்லாம் பத்திரமா எடுத்து வையி, நான் வந்து நடுதேன்" என்று மனைவி ரோஸ்லினிடம் போனில் சொன்னார். வந்துசேர இரண்டு மாதமாயிற்று.

ரோஸ்லின் ஒன்பது விதைகளை அவர் உள்ளங்கையில் வைத்தாள். "பூஞ்சை பிடிச்சிரப்பிடாதுன்னு அடுப்புக்கு மேல வச்சுக் காயவச்சேன். ஆட்டிப் பாருங்க, நல்லாக் குலுங்குது."

கடைக்காரருக்குக் குலுங்கும் ஜாதிக்காய்தான் உயர்ந்தது. நடுகிறவருக்கு அப்படியில்லை. ஈர மணலில் வைக்காத விதைக்குள் பருப்பு சுருங்கிக் குலுங்கத் தொடங்கிவிட்டால், அதில் உயிர் இல்லை. அதை அவர் போனில் சொல்லியிருக்கவில்லை.

ஒவ்வொன்றையும் காதருகே வைத்து ஆட்டினார். ஒன்பதும் குலுங்கின.

"எது முதல்ல முளைக்கும்னு சத்தத்துல தெரியுமாக்கும்?" என்றாள் ரோஸ்லின்.

"தெரியும்" என்றவர், மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மரம் நின்ற இடத்துக்குப் போனார். ஒன்பது குழி தோண்டினார். கடைசிக் குழியை மூடும்போது அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"எத்தன நாளாவும்?"

"நாப்பது நாளு."

"அதுக்கு மேலயும் ஆவுமா?"

அவர் செம்புத் தண்ணீரை மண் கரையாதபடி மெல்ல ஊற்றினார்.

"சிலதுக்கு ஆவும்."