உள்ளே இருப்பவள்

மூன்றாவது முறையாக அந்தப் பெண்ணை அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினாள் சிட்டு. சாத்தியதோடு விடாமல், வெளியே ஒரு மரக்கட்டையை முட்டுக் கொடுத்தாள்.

பெண் என்பது விரல் உயரப் பொம்மை. அறை என்பது குழந்தைகளுக்கான சிகிச்சைக்கென்று வாங்கி வைத்த பொம்மை வீட்டில் ஒரு மூலை. ஆனாலும் எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருந்த மாணவியால் அதை வெறும் விளையாட்டென்று விட முடியவில்லை.

அவள் படிப்பது குழந்தை உளவியலில் முதுகலை, கடைசிப் பருவம். ஆறு வயதுச் சிட்டு அவளுடைய கேஸ். வீட்டில் வாய் ஓயாத பிள்ளை, வெளியாட்களிடம் மட்டும் ஒரு வார்த்தை பேசமாட்டேன் என்கிறாள் என்று அம்மாக்காரி கூட்டி வந்திருந்தாள். வாரா வாரம் வந்தும் சிட்டு இந்த அறையில் வாயைத் திறந்தபாடில்லை. அந்த விளையாட்டையும் மாற்றியபாடில்லை.

"பாத்தியா, அம்மாப் பொம்மைய அடைச்சு வெக்கிறா," என்றது காதுக்குள் செருகியிருந்த கருவி. சுவரை அடைத்து நின்ற கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பேராசிரியை இருந்தார். அவருக்கு இவர்கள் தெரிவார்கள். இவர்களுக்குத் தங்கள் முகம்தான் தெரியும். முதல் நாள் சிட்டுவுக்கும் அந்தப் பக்கத்தைக் காட்டியிருந்தார்கள். "வீட்ல அந்தம்மாவ யாரோ பூட்டி வெக்கிறாங்க. உள்ள ஒரு கட்டில்கூட இல்ல பாரு."

உண்மைதான். மற்ற அறைகளில் கட்டில், அடுப்பு எல்லாம் இருக்க, அந்த அறையில் மட்டும் ஒரு மேஜையும் இரண்டு நாற்காலியும் கிடந்தன. சிட்டு இன்னொரு பொம்மையை எடுத்து, அறைச் சுவரின் வெளிப்பக்கம் முகத்தை ஒட்டினாற்போல நிறுத்தினாள்.

"காவலுக்கு ஆள் வேறயா! அதுதான் அப்பா," என்றது காது.

படிப்பு ஏற ஏறக் கண்ணில் படுவதெல்லாம் அறிகுறிதான். மாணவியும் பலமாகத் தலையாட்டினாள். ஆட்டாமல் இருக்க முடியுமா?

போதாக்குறைக்கு, இன்று பிள்ளையை உள்ளே அனுப்பும்போது அம்மாக்காரி வேறு ஒன்று சொல்லியிருந்தாள். "ராத்திரில பாவம் பாவம்னு புலம்பறா மேடம். யாரு பாவம்னு கேட்டா மட்டும் சொல்ல மாட்டேங்கறா." அதைக் கேட்டதிலிருந்து பேராசிரியைக்குச் சந்தேகமே போய்விட்டது.

மாணவிக்குத்தான் தலை சுற்றியது. காலையிலிருந்து அவள் இந்த அறையை விட்டு நகரவில்லை. ஒரு பிள்ளை போனால் அடுத்த பிள்ளை, நடுவில் சாப்பாடும் இதே மேஜையில். சாய்ந்து உட்கார்ந்தால் ஒரு குட்டு, கையைக் கட்டினால் ஒரு குட்டு, எல்லாம் காதுக்குள்ளேயே விழும்.

படிப்பை விட்டுவிடுகிறேன் என்று போனில் அழுதுகூடப் பார்த்துவிட்டாள். "இன்னும் கொஞ்ச நாள்தானேம்மா, பல்லக் கடிச்சுக்கோ," என்று அப்பா வைத்துவிட்டார். அவளுக்கு எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது.

"குழந்தைகள் நலத்துறைக்கு இன்னிக்கே எழுதிடணும்," என்றது காது. "பிள்ளைய அவங்க விடுதிக்குக் கூட்டிட்டுப் போகட்டும், மத்தத அப்புறம் விசாரிச்சுக்கலாம். ஏதாவது ஆயிட்டா நாமதான் பதில் சொல்லணும். கேஸ் உன்னோடது, நீயே கையெழுத்துப் போடு."

மாணவி கதவைப் பார்த்தாள். கதவுக்கு வெளியே, நடையில், பிள்ளையின் பையை மடியில் வைத்துக்கொண்டு அந்த அம்மா காத்திருந்தாள். கையெழுத்துப் போட்டால் அவள் இன்று வெறுங்கையோடுதான் வீட்டுக்குப் போவாள். போடாமல் விட்டு, அந்த வீட்டில் நிஜமாகவே அவளைப் பூட்டி வைத்தால், அந்தப் பாவம் யாரைச் சேரும்?

ஒன்றும் ஓடவில்லை. நாற்காலியை விட்டு இறங்கித் தரையில் சிட்டுவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். காதுக் கருவியைப் பிடுங்கிப் பைக்குள் போட்டாள். நாளைக்குத் தொலைந்தோம் என்று தெரிந்தேதான் போட்டாள்.

"சிட்டு, அக்காகிட்ட மட்டும் சொல்றியா? உங்கம்மாவ யாரும்மா அடைச்சு வெக்கிறாங்க?"

சிட்டு நிமிர்ந்து பார்த்தாள். என்ன கேட்கிறாள் இவள் என்பது போல முழித்தாள். பிறகு ஓரக்கண்ணால் கண்ணாடியைப் பார்த்துவிட்டு, நகர்ந்து வந்து, மாணவியின் காதோரம் இரண்டு கையையும் குவித்தாள்.

"அது எங்கம்மா இல்ல," என்றது கீச்சுக்குரல்.

இத்தனை நாளில் அவள் பேசிய முதல் பேச்சு. மாணவி இன்னும் குனிந்தாள்.

"அப்ப யாருடா கண்ணு அது?"

"நீங்கதான்க்கா." சிட்டு குரலை இன்னும் தாழ்த்தினாள். "உங்கள எப்ப வெளிய விடுவாங்க?"