வாயுப் பிடிப்பு

துக்கத்துக்கு வந்த இடத்தில் யாராவது இப்படிக் கத்துவார்களா? நவ்ரீத் கத்தினாள்.

"கொன்னுட்டீங்களே பாவிகளா! நாப்பத்திரண்டு வயசுய்யா அவனுக்கு!"

மன்ஹாட்டனுக்குச் சற்றுத் தள்ளி ரிச்மண்ட் ஹில் குருத்வாராவில் குர்தேஜுக்கான கடைசிப் பிரார்த்தனை அப்போதுதான் முடிந்திருந்தது. கீழே அன்னதானம் நடக்கும் லங்கர் கூடத்தில் பந்தியில் உட்கார்ந்திருந்த டாக்ஸி டிரைவர்கள், ரொட்டியைப் பிய்த்த கையோடு அவளை அண்ணாந்து பார்த்தார்கள்.

அவளைத் தெரியாதவர் அங்கே யாருமில்லை. ஞாயிறு தவறாமல் செருப்பு வைக்கிற இடத்துக்குப் பக்கத்தில் மேஜை போட்டு, பிரஷரும் சுகரும் பார்ப்பவள். 'எங்க ஜனங்களுக்குச் சின்ன வயசுலயே மாரடைப்பு வருது, ஒல்லியா இருக்கிறவனையும் சோதிச்சுப் பாருங்க' என்று ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போய் மல்லுக்கட்டுபவள். இதோ, அவள் ஒட்டிய போஸ்டர் சுவரிலேயே இருக்கிறது: 'அது வாயு இல்லை!'

"இதைப் படிக்கக் கண்ணு இல்லையா ஒருத்தனுக்கும்? நெஞ்சு அடைச்சா வாயு! தோள்பட்டை வலிச்சா வாயு! வேர்த்துக் கொட்டினாலும் வாயு! சாகிற வரைக்கும் வாயுதானா உங்களுக்கு?"

"விடும்மா. அவன் விதி முடிஞ்சுது" என்றார் ஒரு பெரியவர்.

"விதியா? நல்லா வாய்ல வருது எனக்கு. பழியை அது மேல போட்டுட்டு நீங்க பாயசம் குடிங்க! அன்னைக்கு அவன்கூட யாரு இருந்தது?"

பல்கார் எழுந்தான். குர்தேஜோடு ஒரே டாக்ஸியைப் பகலும் இரவுமாக மாற்றி மாற்றி ஓட்டியவன்.

"நான்தான் அக்கா."

"என்ன பண்ணினே?"

"சோடா வாங்கிக் குடுத்து, பின் சீட்டுல படுக்க வெச்சேன்."

"கேட்டுக்கங்க! ஆம்புலன்ஸைக் கூப்பிடாம சோடா குடுத்தாராம் துரை! எந்த மடையன் சொன்னான் உனக்கு, அது வாயுன்னு?"

பல்கார் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். "யாரும் சொல்லல. எனக்கா தோணிச்சு. தப்புதான்."

குர்தேஜின் மனைவி ரூபிந்தர் முக்காட்டை விலக்கி அவனை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இனி அந்த வீட்டு வாசலை அவன் மிதிக்க முடியாது.

அப்படியும் நவ்ரீத்துக்கு ஆத்திரம் அடங்கவில்லை. வெளியே செருப்பைத் தேடிக்கொண்டிருந்தவனை மடக்கிப் பிடித்தாள்.

"எனக்கா தோணிச்சுன்னியே, பச்சைப் பொய். உன் மூஞ்சியே சொல்லுது. யாரு, மருந்துக்கடைக்காரனா? டாக்டரா? பேரைச் சொல்லு. அவன் போர்டைக் கழட்ட வெச்சுட்டுத்தான் மறுவேலை!"

"வேணாம் அக்கா. போனவன் போயிட்டான்."

"சொல்லுடா!"

அவன் சுற்றும்முற்றும் பார்த்தான். யாருமில்லை.

"போன வியாழக்கிழமை மன்ஹாட்டன்ல பேசப் போனீங்க இல்ல?"

"ஆமா, நம்ம ஞாயித்துக்கிழமை முகாமுக்குப் பணம் கேட்டு. அதுக்கென்ன இப்ப?"

"மேடை ஏறுற நேரத்துல ஒரு போன் வந்துச்சே. 'கூட்டாளிக்கு நெஞ்சு இறுக்கமா இருக்கு, இப்பதான் பக்கோடா தின்னான்'னு ஒருத்தன் சொன்னானே."

நவ்ரீத் அவன் கையை விட்டாள்.

வந்தது. சட்டையில் மைக் மாட்டிக்கொண்டிருந்தார்கள். பேர் கூடக் கேட்கவில்லை. 'பக்கோடா தின்னா வாயுப் பிடிப்புதான். சோடா குடுத்துப் படுக்கச் சொல்லு, ஞாயித்துக்கிழமை கூட்டிட்டு வா' என்று சொல்லிப் போனை வைத்தாள். மேடையேறி, 'வாயு என்கிற ஒரு வார்த்தைதான் எங்களைக் கொல்கிறது' என்று முழங்கினாள். எழுந்து நின்று கைதட்டினார்கள்.

"அது... நீயா?"

அவன் குனிந்து செருப்பை மாட்டினான்.

"அங்கேயே சொல்லியிருக்கலாமேடா! அத்தனை பேர் முன்னாடி உன்னைக் கிழிகிழின்னு கிழிச்சேனே! ரூபிந்தர் உன்னை என்ன பார்வை பார்த்தா! எனக்காகவா வாயை மூடிக்கிட்டு நின்னே?"

பல்கார் நிமிர்ந்தான். அவன் கண்ணில் இருந்த கோபத்தை அவள் அப்போதுதான் பார்த்தாள்.

"உங்களுக்காக ஒண்ணும் இல்ல அக்கா. நான் வாயைத் திறந்திருந்தா, நாளைக்கு ஞாயித்துக்கிழமை உங்க மேஜைக்கு இவனுங்கள்ல ஒருத்தனும் வரமாட்டான்."