பெட்டிச் செய்தி

கக்கத்தில் ஊன்றுகோல், காலில் மாவுக்கட்டு. அந்தக் கோலத்தில் போலீஸ் ஸ்டேஷன் படியேறி வந்தவரைப் பார்த்ததும் கான்ஸ்டபிள் ஓடிவந்து தோளைத் தாங்கினார். உள்பக்கம் திரும்பி, "சார், மறுபடி ஆரம்பிச்சுட்டானுங்க சார்" என்று குரல் கொடுத்தார்.

"யாரும் வெட்டலய்யா. குளிக்கப் போன இடத்துல வழுக்கி விழுந்தேன்" என்றார் வந்தவர். கான்ஸ்டபிளுக்குக் கொஞ்சம் சப்பென்று ஆகிவிட்டது.

வந்தவர் உள்ளூர்ப் பத்திரிகையின் குற்றச் செய்தி நிருபர். ஒரு சோப்புத் துண்டு அவரை மூன்று மாதம் கட்டிலில் போட்டிருந்தது. எழுந்து வந்து பார்த்தால் ஊர் கெட்டுக் குட்டிச்சுவராகிக் கிடந்தது. அதாவது, திருந்திவிட்டிருந்தது.

ஒரு கத்திக்குத்து கிடையாது. ஒரு மண்டை உடையவில்லை. அவர் இடத்தில் உட்கார்ந்த ராசிபலன்காரருக்கு ரத்தம் என்றாலே தலை சுற்றும். ஆரம்பத்தில் நடந்த இரண்டொரு வெட்டுக்குத்தைக்கூட "இரு தரப்பினரிடையே தகராறு" என்று ஒரே வரியில், ஊர் பேர் இல்லாமல் முடித்துவிட்டார். அப்புறம் அந்த ஒரு வரிக்கும் வேலை இல்லாமல் போயிற்று.

ஆசிரியர் நேற்றே வீட்டுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டார். ஊரில் அடிதடி ஏன் குறைந்தது என்று காரணத்தைக் கண்டுபிடித்து ஒரு முழுப் பக்கம் எழுத வேண்டும். இல்லையென்றால் அந்தப் பக்கம் இனி ராசிபலனுக்கு. நிருபர் வீட்டிலேயே காலை நீட்டிக்கொண்டு கிடக்கலாம்.

இருபது வருஷமாக நிருபர் பிள்ளைபோல வளர்த்த பக்கம் அது. வெட்டியவனுக்குப் படம், பொருத்தமாக ஒரு பட்டப்பெயர், அடியில் கட்டம் கட்டி ஒரு பெட்டிச் செய்தி: 'இந்த ஆண்டு இதுவரை, சந்தைத் தெரு எட்டு, ஆற்றோரம் ஒன்பது.' பத்திரிகையை வாங்குகிறவன் தலைப்பை விட்டுவிட்டு நேரே அந்தப் பெட்டிக்குத்தான் போவான் என்பதில் அவருக்குக் கர்வம் உண்டு.

இன்ஸ்பெக்டர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து காரணம் சொன்னார். தெருமுனைதோறும் கேமரா, ராத்திரி ரோந்து, தன்னுடைய பார்வை. கேமராக்களில் பாதிக்கு மேல் குருவி கூடு கட்டியிருப்பதைச் சொல்ல வாயெடுத்த கான்ஸ்டபிள், அந்தப் பார்வை தன் பக்கம் திரும்பியதும் வாயை மூடிக்கொண்டார்.

"என் போட்டோ எந்தப் பக்கத்துல வரும்?" என்று கேட்டு வழியனுப்பினார் இன்ஸ்பெக்டர்.

அடுத்து ஆஸ்பத்திரி. அவசரப் பிரிவில் வருஷக்கணக்காகக் கிழிந்த ஆட்களுக்குத் தையல் போட்டுவந்த நர்ஸம்மா, மேஜையில் கம்பளி நூலைப் பரப்பி ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தார். காரணமெல்லாம் தனக்குத் தெரியாது, கை பழக்கம் விட்டுப் போகக்கூடாதே என்று பின்னுவதாகச் சொன்னார். இது நாலாவது ஸ்வெட்டராம்.

கடைசியில் நிருபர் சந்தைக்குப் போனார். வெட்டியவனையே கேட்டுவிடுவது என்று முடிவு.

மின்னல் அப்போது லாரியிலிருந்து மூட்டை இறக்கிக்கொண்டிருந்தான். முதுகு காய்த்துப் போன சுமைகூலிக்காரன். அவன் வெட்டிவிட்டு ஓடிய வேகத்தைப் பார்த்து 'மின்னல்' என்று எழுதியவர் நிருபர்தான். இப்போது அவன் பெண்டாட்டியே அப்படித்தான் கூப்பிடுகிறாள்.

நிருபரைக் கண்டதும் மூட்டையைப் போட்டுவிட்டு ஓடிவந்தான். கவிழ்த்த கூடை ஒன்றில் அவரை உட்காரவைத்து, கட்டுப்போட்ட காலைத் தூக்கி இன்னொரு கூடைமேல் வைத்தான். யார் செய்த வேலை, பேரை மட்டும் சொல்லுங்கள் என்று பல்லைக் கடித்தான். சோப்பு என்று தெரிந்ததும்தான் அடங்கினான்.

"ஏன்டா எல்லாரும் கையக் கட்டிக்கிட்டு உக்காந்துட்டீங்க? கேமராவுக்குப் பயந்தா?" என்று கேட்டார் நிருபர்.

"கேமராவுக்கு நாங்க எதுக்குண்ணே பயப்படணும்? நின்னு தலைய வாரிட்டுல்ல போவோம்."

அப்படியானால் போலீஸா, பெண்டாட்டி பிள்ளைகளா என்று நிருபர் ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டி மறுத்த மின்னல், தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துவிட்டுத் தரையைப் பார்த்தான்.

"என்னமோ தெரியலண்ணே. மனசே வரல."

நிருபருக்குக் கண் கலங்கிவிட்டது. முழுப் பக்கத்துக்கும் தலைப்பு கிடைத்துவிட்டது: 'முரடர்களின் மனமாற்றம்!' இனி எந்த ராசிபலன்காரனும் தன் பக்கத்தில் கைவைக்க முடியாது. ஊன்றுகோலைப் பிடித்து எழுந்து, மின்னலின் தோளில் தட்டிக்கொடுத்தார்.

"அப்போ பக்கத்த இனிமே யாருண்ணே எழுதுவாங்க?" என்றான் மின்னல்.

"நான்தான்டா. நாளையிலேர்ந்து எல்லாம் பழையபடி."

மின்னலின் முகம் மலர்ந்தது. லாரிமேல் நின்ற கூட்டாளிகளைப் பார்த்து விரலை மடித்து ஒரு விசில் அடித்துவிட்டு, நிருபரின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"ஆத்தோரம் ஒண்ணு முன்னால நிக்குதுண்ணே. நீங்க பெட்டிக்கு இடம் விட்டு வைங்க, சாயந்திரத்துக்குள்ள சமன் பண்ணிடறோம்."