போட்டோவில் பூத்த தோட்டம்

“எட்டாயிரத்து நானூத்தம்பது ரூபா, மொதலாளி. பதிமூணு நாள் கூலி. கேட்டு வாரது இது ஏழாவது நடை.”

கருத்தப்பாண்டி வெயிலில் நின்றுதான் கேட்டான். ஒதுங்கி நிற்க அந்த வீட்டு வளாகத்தில் ஒரு மரம் இல்லை.

தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி சண்முகராஜ் கையை நீட்டி முன்பக்கத்தைக் காட்டினார். கரிசலுக்கு மேல் லாரி லாரியாகச் செம்மண் கொட்டிப் பதித்த புல், காய்ந்த சாக்கு மாதிரி கிடந்தது. அடியில் இருந்த கரிசல் வெடித்து, செம்மண்ணையும் சேர்த்துப் பிளந்திருந்தது. ரோஜாச் செடிகள் குச்சியாக நின்றன.

“கூலி கேக்கியே, புல்லு எங்கல? ரோஜா எங்கல? கைராசி இல்லாத பயலுக்கு எதுக்குக் கூலி?”

“இது ரெண்டும் இந்த வெயிலுக்கு நிக்காதுன்னு அன்னைக்கே சொன்னேன். ஆவாரை, அரளி, நித்தியகல்யாணி வைப்போம்னேன். ‘காட்டுச் செடியைக் காசு குடுத்து வைக்கவா’ன்னு நீங்கதான் ஏசினீக.”

“இப்பமும் ஏசத்தான் செய்வேன்.”

கைராசி இல்லை என்ற பேச்சை அவர் கோவில்பட்டி முழுக்கப் பரப்பிவிட்டிருந்தார். மூன்று மாதமாகச் செடி வைக்க, மரம் நட என்று கருத்தப்பாண்டியை ஒருவரும் கூப்பிடவில்லை. கூலி நின்றதைவிட அதுதான் அவனைப் படுக்க வைத்த அடி.

வாசலில் ஒரு கார் வந்து நின்றது. தோட்டத்தைச் சரிசெய்யக் கோயம்புத்தூரிலிருந்து வரவழைத்திருந்த ஹரி இறங்கினான். மண்ணை அள்ளி உதிர்த்துப் பார்த்தான்.

“சார், புல்லை மறந்துடுங்க. போன வாரம் விளாத்திகுளம் போற வழியில கார் பஞ்சராகி நின்னப்ப ஒரு தோட்டத்தைப் பார்த்தேன். இதோ.”

போனில் படம் தெரிந்தது. வெள்ளைச் சுவர் மேல் காகிதப்பூ வழிந்து கிடந்தது. அதற்கு முன்னால் மஞ்சளாக ஆவாரை, சிவப்பாக அரளி. தரையெல்லாம் நித்தியகல்யாணி. ஓரத்தில் ஒரு புங்கமரம், அதன் நிழலில் சிமெண்டு பெஞ்சு.

சண்முகராஜின் மனைவி ஜானகியம்மாள் போனைக் கையில் வாங்கிக்கொண்டாள். “பாத்தாலே மனசு அடங்கிப் போகுதுல்லா. எனக்கு இதே மாதிரி வேணும். தெனமும் இந்தப் பெஞ்சுல உக்காந்துதான் காப்பி குடிப்பேன்.”

“இது ஆவாரைல்லா?” என்று சண்முகராஜ் இழுத்தார்.

“நேட்டிவ் பிளான்ட் சார். இப்ப இதுக்குத்தான் மவுசு.”

“அப்படின்னா நல்லாத்தான் இருக்கு.”

கருத்தப்பாண்டி எட்டிப் பார்த்தான்.

“ஊத்துறதுக்குப் பக்கத்துல ஒரு குழாய்கூட இல்ல சார்,” என்றான் ஹரி. “மழையில வேர் அழுகாம இருக்கப் பாத்தியை மேடாக்கியிருக்காங்க. வெயில்ல மண்ணு வெடிக்காம இருக்கச் சரளை பரப்பியிருக்காங்க. கரிசலோட குணம் தெரிஞ்ச ஆள் செஞ்ச வேலை. அந்த ஆள் கூட நின்னா, நான் இந்த வேலையை எடுத்துக்கறேன்.”

“அந்தாளை எனக்குத் தெரியும்,” என்றான் கருத்தப்பாண்டி.

சண்முகராஜ் திரும்பினார். “தெரியுமால? போய்க் கூட்டிட்டு வா.”

“கூட்டியாரலாம். இந்த வீட்டுல கூலி ஒழுங்கா வருமான்னுதான் மொதல்ல கேப்பாரு. நான் என்னன்னு சொல்லட்டும்?”

ஜானகியம்மாள் புருஷனைப் பார்த்தாள். “குடுத்துத் தொலைங்களேன். எட்டாயிரத்துக்கா இம்புட்டு இழுவை?”

சண்முகராஜ் உள்ளே போய்ப் பணத்தோடு வந்தார். ரசீதை நீட்டி, கைநாட்டு வைக்க மை டப்பாவையும் தள்ளினார். கருத்தப்பாண்டி டப்பாவை ஒதுக்கிவிட்டுப் பேனாவைக் கேட்டு வாங்கினான். ‘பாக்கி முழுவதும் தீர்ந்தது’ என்பதை எழுத்துக் கூட்டி வாசித்தான். தொகையையும் ஒரு தடவை பார்த்துவிட்டு, அவசரப்படாமல் முழுப் பெயரையும் எழுதினான்.

“சரி, அந்தாளு எப்ப வருவாரு?”

“வந்து ரொம்ப நேரமாச்சு, மொதலாளி. நான்தான்.”

ஹரி அவன் கையைப் பிடித்துக் குலுக்கினான். சண்முகராஜுக்கு முகம் கறுத்தது. ஆனாலும் ஆசை விடவில்லை. “அது எந்த ஊரு பங்களால? யாரு அந்த மொதலாளி?”

கருத்தப்பாண்டி ரூபாயை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தான்.

“பங்களா இல்ல, எங்க ஊரு சுடுகாடு. அங்கன படுத்திருக்கவிய ஒருத்தரும் எனக்குக் கைராசி இல்லன்னு இதுவரைக்கும் சொன்னதில்ல.”