ஒல்லி ஆசை

"அம்பத்திரண்டு வயசுல ஒல்லியாகி எந்த மேடையில ஏறப் போறீங்க?"

எக்ஸ்ரே படத்தை மேசைமேல் வீசிப் போட்டார் டாக்டர் பவித்ரா. ஏற்காட்டில் இத்தனை வருடமாக வைத்தியம் பார்க்கிறார். யார்மீதும் இப்படி எரிச்சல் வந்ததில்லை.

எதிரே ஈவ்லின், வீங்கிய வலது மணிக்கட்டை மடியில் ஏந்தியபடி உட்கார்ந்திருந்தாள். நாகலூரில் தையல் கடை வைத்திருப்பவள். கிறிஸ்துமஸுக்கு வந்த துணியெல்லாம் வெட்டாமலேயே கிடந்தது.

"வாசல்ல வழுக்கிருச்சுங்க. சும்மா கையத்தானுங்க ஊனுனேன்."

"கை ஊன்றினதுக்கே உடையுதுன்னா எலும்பு எந்த லட்சணத்துல இருக்கு? போன தடவைக்குப் பத்து கிலோ குறைஞ்சிருக்கீங்க. உண்மையைச் சொல்லுங்க, எடை குறைக்கிற ஊசி போட்டீங்களா?"

"மாதா சத்தியமா இல்லீங்க!"

"அப்புறம் எப்படிக் குறைஞ்சுது?"

"மாசமாசம் வர்றது நின்னதுல இருந்து உடம்பு திகுதிகுன்னு எரியுமுங்க. தூக்கமே கெடையாது. நொம்ப குண்டாயிட்டேன். இப்ப நாலு மாசமா சோத்தைக் கண்டாலே கொமட்டுது. எல்லாம் அந்த வயசுக் கோளாறுதான்னு சொன்னாங்க."

"உடம்பு எரியறதும் தூக்கம் வராததும் வயசால வரும். நாலு மாசத்துல பத்து கிலோ போகாது!"

கூட வந்திருந்த கணவர், எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் ஜெப்சனுக்கு வந்ததே கோபம்! எழுந்தே விட்டார்.

"நல்லாக் கேளுங்க டாக்டர்! பையனுக்குச் சேலத்துல பொண்ணு பேசியிருக்குது. சம்பந்தியம்மா சிட்டாட்டம் இருக்கறாங்க. அவங்க பக்கத்துல நின்னா போட்டோவுல மானம் போயிரும்னு, என்ன எழவ வாங்கிப் போட்டுக்கிட்டாளோ! ஏ ஈவ்லின், எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னயா?"

ஈவ்லினுக்கு அழுகை முட்டியது. செய்யாத தப்புக்கு இரண்டு பேரும் சேர்ந்து அவளை வறுத்தெடுத்தார்கள்.

"நான் எதும் பண்ணலீங்க..."

"இவ்வளவு அக்கறையான மனுஷன்கிட்டயும் மறைச்சிருக்கீங்களே!" பவித்ரா விடவில்லை. "அந்த ஊசி தேவைப்படறவங்களுக்கு நாங்களே பார்த்துக் கொடுப்போம். மாதவிடாய் நின்னா எலும்பு தானாவே மெலியும். அப்போ சரியாச் சாப்பிடாம மளமளன்னு எடையும் இறங்கினா சதை, எலும்பு எல்லாம் சேர்ந்து போகும். கத்தரிக்கா வாங்கற மாதிரி வாங்கிக் குத்திக்கிறதா?"

ஈவ்லின் மூக்கை உறிஞ்சினாள்.

"டாக்டர், இந்தக் கையில மறுக்கா துணி தைக்க முடியுமுங்களா?"

பவித்ராவின் குரல் இறங்கியது. "கட்டுப் போட்டா எலும்பு கூடிடும், பயப்படாதீங்க. சேலத்துல ஒரு ஸ்கேன் எடுத்துட்டு வாங்க. எலும்பு பலப்பட ஊசி எழுதித் தர்றேன்."

"அதெல்லாம் அப்பறம் பார்த்துக்கலாங்க," ஜெப்சன் அவசரமாகக் குறுக்கிட்டார். "கட்டு மட்டும் போட்டு உடுங்க, பஸ்ஸு போயிரும்."

"எலும்பு ஊசியா?" ஈவ்லின் ஒன்றும் புரியாமல் டாக்டரைப் பார்த்தாள். "அதுதான் நாலு மாசமா, ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு ஊட்டுக்கு வந்ததும் இவரே என்ற வயித்துல போட்டு உடறாருங்களே... அப்பறமும் எப்பிடிங்க ஒடைஞ்சுது?"