ஒதுக்க வேண்டிய இடம்

"இருநூத்துப் பன்னெண்டு பேருமா?"

ரொட்டிக்கடைக்காரர் மேஜையை எட்டிப் பார்த்தார். காலையில் பிசைந்த மாவு விரல் இடுக்கில் காய்ந்திருக்க, கையைக்கூடக் கழுவாமல் ஊர் அலுவலகத்துக்கு ஓடி வந்திருந்தார்.

"ஆமாங்க. மொத்தம் இருநூத்துப் பதிமூணு ஃபார்ம். இருநூத்துப் பன்னெண்டுல உங்க கடைதான். ஒண்ணு மட்டும் வேற," என்றார் திட்ட அதிகாரி.

அந்த ஒன்றில் என்ன இருக்கிறது என்று ரொட்டிக்காரர் கேட்கவில்லை.

மேஜை முழுக்கத் தாள்கள். வருங்காலத்தில் ஊர் எப்படி இருக்க வேண்டும் என்று வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்து, பெயர் எழுதாமல் வாங்கியவை. எட்டுக் கேள்விகள். ஏழுக்கு ஆளுக்கொரு பதில் எழுதி அதிகாரியைத் தலையைப் பிய்த்துக்கொள்ள வைத்த ஊர், எட்டாவதில் மட்டும் அதிசயமாக ஒற்றுமையாகிவிட்டது.

'வளர்ச்சித் திட்டத்தில் ஒதுக்க வேண்டிய இடம் எது?'

"ஃபார்ம் கொடுக்க வந்து உங்க கடையில பன் சாப்பிட்டப்பவே சொன்னேனே," என்றார் அதிகாரி. "பஸ் நிலையத்துக்கு நாற்சந்தியில இடம் வேணும். உங்க கடை, இல்லைன்னா பக்கத்துத் தையல்கடை. ரெண்டுல எதை ஒதுக்குறதுன்னு ஊர் சொல்லட்டும்னு இருந்தேன். சொல்லிட்டாங்க."

"என் அடுப்பை இடிக்கணும்னா?"

அதிகாரி பேனாவை மூடித் திறந்தார்.

பத்தொன்பது வருடமாக இந்த ஊருக்குக் காலை ரொட்டி அவர் அடுப்பிலிருந்துதான். அதைத் தின்றவர்கள்தான் இத்தனை பேரும். ஒருத்தருக்குக்கூட மனசு உறுத்தவில்லையா?

ஜன்னலுக்கு வெளியே தையல்காரர் போய்க்கொண்டிருந்தார். கழுத்தில் அளவு நாடா, வாயில் ஒரு பாட்டு.

"யோவ்! இங்க வா!"

தையல்காரர் சிரித்துக்கொண்டே உள்ளே வந்தார். "என்னண்ணே, ரிசல்ட் வந்துடுச்சா?"

"எட்டாவது கேள்விக்கு நீயும் என் கடையத்தான் எழுதினியா?"

"பின்னே? முதல் ஆளா எழுதிக் கொடுத்தவனே நான்தான்!"

ரொட்டிக்காரர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"அதோட விட்டேனா? அளவெடுக்கப் போன வீட்டுலயெல்லாம் சொன்னேன். கேள்வி புரியலைன்னு வந்தவங்களுக்குப் புரிய வெச்சேன். மறக்காம ரொட்டிக்கடைன்னு எழுதுங்கன்னு ஒவ்வொருத்தர்கிட்டயும் கேட்டுக்கிட்டேன்."

"அடப்பாவி! சுவத்துக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துக்கிட்டு, தினமும் ஓசி டீயும் குடிச்சுக்கிட்டு, எனக்கே குழி தோண்டினியா? அந்த அடுப்பு உனக்கு என்னய்யா பாவம் பண்ணிச்சு?"

தையல்காரர் முகத்திலிருந்த சிரிப்பு மெல்ல இறங்கியது. அதிகாரியைப் பார்த்தார், ரொட்டிக்காரரைப் பார்த்தார்.

"என்னண்ணே சொல்றீங்க? அந்த அடுப்புக்காகத்தானே இவ்வளவும் பண்ணினேன்! எதையெல்லாமோ இடிக்கப் போறாங்கன்னு ஊருக்குள்ள பேச்சு. எதை ஒதுக்கணும்னு அவங்களே கேட்கறாங்க. சும்மா விடுவேனா?"

"ஒதுக்குறதுன்னா என்னன்னு நினைச்சீங்க?" என்றார் அதிகாரி.

"இது என்ன சார் கேள்வி? துணி வெட்டும்போது இந்த ஓரத்தை ஒதுக்குன்னா, அதுல கத்திரி படாம விட்டுடணும்னு அர்த்தம். திட்டத்துல ஒதுக்கணும்னா, கை வைக்காம விட்டு வைக்கணும். அதைத்தான் எல்லாருக்கும் சொன்னேன்."

அதிகாரியின் கையிலிருந்த பேனா உருண்டு கீழே விழுந்தது. யாரும் அதை எடுக்கவில்லை.

"கடவுளே!" என்றார் அவர். "நான் எடுத்துக்கச் சொல்றாங்கன்னு படிச்சேன். ஊர் விட்டுடச் சொல்லி எழுதியிருக்கு! நாளைக்கு மேலிடத்துக்கு அனுப்பறதா இருந்தேன்."

"ஏன்யா," என்றார் ரொட்டிக்காரர், "உன் கடையும் அங்கதானே இருக்கு? அதை எழுதியிருக்கலாமே?"

"ஒரு இடம்தானே எழுதச் சொன்னாங்க? நான் மெஷினைத் தூக்கிக்கிட்டு எந்த மரத்தடியிலயும் உட்காருவேன். நீங்க அடுப்பைத் தூக்கிக்கிட்டு எங்கண்ணே போவீங்க?"

ரொட்டிக்காரருக்குத் தலை நிமிரவில்லை.

அதிகாரி தாள்களை ஒரு பக்கமாக ஒதுக்கினார். "கவலைப்படாதீங்க. பஸ் நிலையத்துக்கு ஊருக்கு வெளியே இடம் பார்த்துக்கறேன். உங்க ரெண்டு பேர் கடைக்கும் ஒண்ணும் ஆகாது."

போன உயிர் திரும்பி வந்தது. ரொட்டிக்காரர் எழுந்துவிட்டார். "சரி, வாய்யா போகலாம். அடுப்பு ஆறிடும்."

"இருங்கண்ணே. சார், மொத்தமும் அண்ணன் கடைதானா?"

"ஒண்ணைத் தவிர. அதுல மட்டும் உங்க தையல்கடைன்னு எழுதியிருக்கு."

"என் கடையா!" தையல்காரர் பாய்ந்து தாளை வாங்கினார். கண் கலங்கிவிட்டது. "என்னையும் விட்டு வைக்கணும்னு ஒரு மகராசனுக்குத் தோணியிருக்கே! யாரா இருக்கும்?"

ரொட்டிக்காரர் வாசல் பக்கம் ஓரடி நகர்ந்தார்.

தையல்காரர் தாளைத் திருப்பிப் பார்த்தார். ஓரத்தில், காய்ந்த மாவில், பளிச்சென்று ஒரு கட்டைவிரல் ரேகை.

"அண்ணே... நீங்களா!" ஓடி வந்து ரொட்டிக்காரரை இறுகக் கட்டிக்கொண்டார். "உங்க கடையை விட்டுட்டு, என் கடையைக் காப்பாத்தவா எழுதினீங்க?"

தையல்காரரின் தோளுக்கு மேலாக, பன் சாப்பிட்டுக்கொண்டே அந்தக் கேள்விக்கு அர்த்தம் சொல்லிக் கொடுத்த அதிகாரி, ரொட்டிக்காரரையே பார்த்துக்கொண்டிருந்தார்.