கூரைமேல் விரித்த வலை

"கூரை பறக்காம மேல வலையைப் போடுங்கோ."

சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் அவளுக்கே திக்கென்றது.

புது வலை. போன ஞாயிறுதான் மாதா கோயில் சுவாமியார் தீர்த்தம் தெளித்துக் கொடுத்தார். இன்னும் ஒரு தரம்கூடக் கடல் தண்ணீர் பட்டதில்லை.

மத்தியானத்துக்குள் புயல் தீவுக்கு வந்துவிடும் என்று வானொலி தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தது. வீட்டுக்கு முன்னால் ஒழுங்கையில் ஆண்கள் எல்லாரும் தங்கள் வலைகளைச் சுருட்டி மாதா கோயிலுக்குள் கொண்டுபோனார்கள். கூரை போனால் திரும்ப வேய்ந்துகொள்ளலாம். வலை போனால் உலையில் எதைப் போடுவது?

அவள் புருசன் ஏணியைக் கொண்டுவந்து சுவரில் சாத்தினான். ஏறித் தென்னோலைக் கிடுகுக் கூரைமேல் வலையை விரித்தான். விளிம்பெல்லாம் கல் கட்டித் தொங்கவிட்டான்.

பக்கத்து வீட்டுப் பேதுருப்பிள்ளை தோளில் வலையோடு போனவர் நின்றார்.

"என்ன மச்சான், கூரையில மீன் ஓடுதோ?"

ஒழுங்கையே சிரித்தது. அவளுக்கு அவன் முகத்தைப் பார்க்கத் துணிவில்லை.

பிறகு அடித்தது, பாருங்கள், அது காற்றா? பேய்! கோயில் ஓடுகள் பறந்தன. ஊரே நனைந்துபோய் மாதாவின் காலடியில் ஒடுங்கிக் கிடந்தது. ஓர் உயிரும் போகவில்லை. அதுவே பெரிய காரியம்.

விடிந்து வந்து பார்த்தால் ஒழுங்கை நெடுகச் சுவர்கள்தான்.

ஒரேயொரு கூரை.

அவர்கள் வீட்டுக் கூரை.

மேலே வலை மட்டும் நார் நாராகக் கிடந்தது. யார் வீட்டுத் தகரமோ பறந்து வந்து கிழித்திருந்தது.

அவன் ஏறி ஒரு மூலையை அவிழ்த்துப் பார்த்தான். கிடுகு சரசரவென்று சரிந்தது. மறுபடி கட்டிவிட்டு இறங்கினான். வலையை எடுத்தால் கூரை இல்லை.

"என்னை ஏசுங்கோவன்," என்றாள்.

அவன் ஏசவில்லை. அதுதான் அவளைத் தின்றது.

மழை விட்டபாடில்லை. பேதுருப்பிள்ளையின் மனைவி கைக்குழந்தையோடு வாசலில் வந்து நின்றாள். உள்ளே வா என்று வேறு சொல்ல வேண்டுமா? பின்னாலேயே மிச்சச் சனமும் வந்தது. யாருடைய ஆடோ அதுவும் வந்தது.

ஓர் அறை. ஓர் அடுப்பு. காலை நீட்டினால் இன்னொருவர் வயிற்றில் படும். ஆளுக்கொரு பிடி அரிசி போட்டுக் கஞ்சி வைத்தார்கள்.

சிரித்தவர்களை நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று வைத்திருந்தாள். கஞ்சி வார்த்த அவசரத்தில் மறந்தே போனாள். உண்மையைச் சொன்னால், அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

கடல் அடங்கியது.

வலை உள்ளவர்கள் போனார்கள். அவன் கரையில் நின்று பார்த்தான். அவள் அவனைப் பார்த்தாள். இரக்கப்பட்டு யாரும் ஒரு மீனை நீட்டினாலும் வாங்குவதில்லை என்று அங்கேயே முடிவெடுத்தாள்.

வள்ளங்கள் திரும்பின. மணலில் பங்கு பிரித்தார்கள். வள்ளத்துக்கு ஒரு பங்கு. வலைக்கு ஒரு பங்கு. ஆளுக்கொரு பங்கு. என்றைக்கும் அப்படித்தான்.

கடைசியில் பேதுருப்பிள்ளை ஒரு குவியலை அவர்கள் பக்கம் தள்ளினார்.

"பிச்சை வேண்டாம் அண்ணை," என்றாள் அவள்.

"ஆர் பிச்சை போட்டது? உது வலைப் பங்கு."

"எங்கட வலை கடலையே காணேல்லையே."

பேதுருப்பிள்ளை திரும்பி அவர்கள் வீட்டைப் பார்த்தார். அதற்குள்தான் அவருடைய குழந்தை நித்திரை.

அவளுக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது.

புயலுக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவள் புருசன் வாய் திறந்தான்.

"ஓமடா மச்சான். கூரையில மீன் ஓடுதுதான்."

சிரித்துச் சிரித்துப் பேதுருப்பிள்ளை மணலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அவள் சேலைத் தலைப்பில் மீனை அள்ளிக்கொண்டு எழுந்தாள். இத்தனை பேருக்குக் குழம்பு வைக்கப் பெரிய சட்டியாகத் தேட வேண்டும்.